"திடீர்னு வந்துடுச்சு": பக்கவாதத்தின் கடிகாரமும் குருசுக்குப்பத்து இளைஞர்களும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இந்த எபிசோட் ஒரு நோயைப் பற்றியது. ஆனா ஹெல்த் டிப்ஸ் எபிசோட் இல்லை. வழக்கம்போல வரலாறுதான்.

ஸ்ட்ரோக் வந்தா நம்ம வீடுகள்ல எப்படிச் சொல்றோம்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. "வாதம் அடிச்சுடுச்சு." "கை கால் விழுந்துடுச்சு." "ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு." யாரோ வெளியில இருந்து வந்து அடிச்சுட்டுப் போன மாதிரி. ஆங்கிலத்திலும் அப்படித்தான், ஸ்ட்ரோக் என்றாலே அடி. பழைய கிரேக்க மருத்துவர்கள் இதற்கு வைத்த பெயர் அபோப்ளெக்சியா. அதற்கும் அடித்து வீழ்த்தப்படுவது என்றுதான் பொருள். வெவ்வேறு மொழிகள், ஆனா எல்லாமே இந்த நோயை ஒரே மாதிரி பார்த்திருக்கின்றன. திடீர்னு வரும், காரணம் தெரியாது, நம்ம கையில எதுவும் இல்லை.

அந்த "திடீர்னு" உண்மையிலேயே திடீர்னுதானா? கடந்த முந்நூற்று ஐம்பது வருடங்களாக மருத்துவ ஆராய்ச்சி இந்தக் கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. அதில் ஒரு அத்தியாயம் நம்ம புதுச்சேரியில், கடற்கரைச் சாலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே போறதுக்கு முன்னாடி கொஞ்சம் சுத்திட்டுப் போகணும்.

இறந்த பிறகு கிடைத்த விடை

1658. சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் என்ற ஊரில் யோஹான் யாகோப் வெப்ஃபர் என்ற மருத்துவர், அபோப்ளெக்சியா பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இந்த நோயில் இறந்தவர்களின் மண்டையைத் திறந்து பார்த்து எழுதிய நூல் அது. மூளைக்குள் சளி போன்ற ஏதோ ஒன்று அடைத்துக்கொள்வதால் இது வருகிறது என்று அதுவரை நம்பப்பட்டது. வெப்ஃபர் பார்த்தது வேறு. மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. மூளைக்குப் போகிற ரத்தக் குழாய்களை அவர் விவரமாக எழுதி, அந்த ஓட்டம் தடைபட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசித்தார்.

இன்றைக்கும் அடிப்படை அதேதான். ஒன்று, குழாய் அடைபடும். இல்லையென்றால், குழாய் வெடிக்கும். ரெண்டும் ரெண்டு வேற நோய் மாதிரி. ஆனா வெளியில இருந்து பார்த்தா ஒரே மாதிரி தெரியும்: வாய் கோணும், கை தொங்கும், பேச்சு குழறும்.

வெப்ஃபருக்குக் காரணம் தெரிந்தது, ஆனால் ஆள் இறந்த பிறகு. மருத்துவத்தின் கடிகாரம் அப்போது அங்கேதான் நின்றது.

நம்ம ஊருக்கு வருவோம். 1823-ல் பிரெஞ்சு அரசு இங்கே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கியது. எகோல் தெ மெதிசின் தெ பாந்திஷேரி. ஆசியாவில் ஐரோப்பிய மருத்துவம் கற்றுத்தந்த பழைய பள்ளிகளில் ஒன்று. 1954-ல் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது, 1956-ல் பள்ளி தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆனது, 1964-ல் ஜிப்மர் ஆனது. கோரிமேட்டில் அந்தப் பகுதிக்கு தன்வந்திரி நகர்னு பேர் இருக்கே, அந்தப் பழைய பேரின் மிச்சம்தான் அது.

1823-ல் அங்கே படித்த மாணவர் ஒருவரை நினைத்துப் பாருங்க. ரத்த அழுத்தம் அளக்க அவரிடம் கருவி கிடையாது. கையில் பட்டை சுற்றி அளக்கும் முறையை இத்தாலியில் ரிவா-ரோச்சி கண்டுபிடித்தது 1896-ல். ஸ்டெதஸ்கோப் வைத்து மேல் அளவு, கீழ் அளவு ரெண்டையும் கேட்கும் முறையை ரஷ்ய மருத்துவர் கொரோத்கோவ் சொன்னது 1905-ல். அதாவது பள்ளி தொடங்கி எண்பது வருடத்துக்கு மேல், இன்னிக்கு மெடிக்கல் ஷாப்ல கூடப் பார்க்கிற பிபி என்ற எண்ணே இல்லை. எண் இல்லாதவரைக்கும் எல்லாமே "திடீர்னு"தான்.

ஒரு ஜனாதிபதியின் பிபி

எண் வந்த பிறகாவது புரிந்ததா என்றால், உடனே இல்லை.

1945 ஏப்ரல் 12. இரண்டாம் உலகப்போர் முடியப்போகிற நேரம். அமெரிக்க ஜனாதிபதி ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் தலை பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சரிந்தார். சில மணி நேரத்தில் உயிர் போய்விட்டது. மூளையில் ரத்தக் கசிவு. எதிர்பார்க்கவே இல்லை, தெளிந்த வானத்திலிருந்து இடி விழுந்த மாதிரி என்றுதான் அவருடைய தலைமை மருத்துவர் சொன்னார்.

உண்மையில் வானம் தெளிவாகவே இல்லை. 1944 மார்ச்சில் அவரைப் பரிசோதித்த இதய மருத்துவர் ஹோவர்ட் ப்ரூயன் குறித்த அளவு 186/108. இறந்த அன்று அது 300/190. உலகத்திலேயே சிறந்த மருத்துவ வசதி கிடைத்த மனிதர். அளந்தார்கள், எழுதி வைத்தார்கள், ஆனால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. நல்ல மருந்துகள் அப்போது இல்லை. அதோடு, வயதானால் பிபி ஏறுவது இயல்பு, உடம்புக்கு அது தேவை என்று நினைத்த மருத்துவர்களும் நிறைய பேர் இருந்தார்கள்.

ரூஸ்வெல்ட் இறந்து மூன்று வருடம் கழித்து, 1948-ல், அமெரிக்காவில் இதய நோய் ஆராய்ச்சிக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதே வருடம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ராமிங்ஹாம் என்ற சின்ன ஊரில் ஒரு ஆய்வு தொடங்கியது. 5,209 பேரைச் சேர்த்தார்கள். நோயாளிகளை அல்ல, அந்த ஊரில் சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருந்தவர்களை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு அளந்தார்கள். யாருக்கு என்ன நோய் வருகிறது என்று காத்திருந்தார்கள்.

இதில் புதுமை அந்தக் காத்திருத்தல்தான். வெப்ஃபர் இறந்தவர்களிடமிருந்து பின்னோக்கிப் பார்த்தார். ஃப்ராமிங்ஹாம் உயிரோடு இருப்பவர்களிடமிருந்து முன்னோக்கிப் பார்த்தது.

1970

இந்த எபிசோடுக்காகத் தேதிகளை வரிசையாக எழுதினப்ப ஒரு வருடம் திரும்பத் திரும்ப வந்தது. 1970.

அந்த வருடம் ப்ரூயன், கால் நூற்றாண்டு மௌனத்துக்குப் பிறகு, ரூஸ்வெல்ட்டின் மருத்துவக் குறிப்புகளை ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார். அதே வருடம் ஃப்ராமிங்ஹாம் குழு, பக்கவாதத்தில் ரத்த அழுத்தத்தின் பங்கு பற்றிய கட்டுரையை வெளியிட்டது. பிபி அதிகமானவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு பல மடங்கு. கீழ் அளவு மட்டுமல்ல, மேல் அளவும் முக்கியம். பெண்களுக்கும் இது பொருந்தும். அதே வருடம்தான் 'ஸ்ட்ரோக்' என்ற பெயரிலேயே ஒரு மருத்துவ ஆய்விதழ் அமெரிக்காவில் தொடங்கியது.

அந்த இதழின் முதல் வருடத்திலேயே நம்ம பக்கத்துக் கட்டுரை ஒன்று இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜேக்கப் ஆபிரகாமும் அவருடைய சகாக்களும் எழுதியது. தென்னிந்தியாவில் பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்கள் எத்தனை பேர்? அதுதான் கேள்வி. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் போதாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நிறைய பேர் வரவே மாட்டார்கள். அதனால் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்தொகையை எடுத்துக்கொண்டு கணக்கெடுத்தார்கள். கிடைத்த விடை, லட்சம் பேருக்குச் சுமார் 57 பேர் செயலிழந்த கை காலோடு வாழ்கிறார்கள் என்பது.

கேட்க சின்ன எண்ணாகத் தோன்றலாம். ஆனால் இது உயிர் பிழைத்தவர்களின் கணக்கு. அடி விழுந்த சில நாட்களிலேயே இறந்தவர்கள் இதில் இல்லை. சிடி ஸ்கேன் என்பதே இல்லாத காலம் வேற. லண்டனில் ஒரு நோயாளியின் தலையை முதன்முதலாக சிடி ஸ்கேன் செய்ததே 1971-ல்தான்.

முப்பத்தைந்து வருடம் கழித்து, 2005-ல், திருவனந்தபுரத்தில் இன்னும் துல்லியமான கணக்கெடுப்பு நடந்தது. நகரமும் கிராமமும் சேர்த்து ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான மக்கள், ஆறு மாதம். வயது வித்தியாசத்தைச் சரிசெய்து பார்த்தால், வருடத்துக்கு லட்சத்தில் 135 பேருக்குப் புதிதாகப் பக்கவாதம். நகரத்துக்கும் கிராமத்துக்கும் இதில் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. நோய் வந்து 28 நாளுக்குள் இறந்தவர்கள் நகரத்தில் 24.5 சதவீதம், கிராமத்தில் 37.1 சதவீதம்.

நோய் எல்லோருக்கும் ஒரே அளவில் வருகிறது. ஆனா பிழைக்கிறது நீங்க எங்க இருக்கீங்கன்றதைப் பொறுத்தது. ஏன்?

நாலரை மணி நேரம்

ஏன்னா, நடுவுல கடிகாரம் ரொம்ப வேகமா ஓட ஆரம்பிச்சிருந்தது.

1995-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. அடைப்பால் வந்த பக்கவாதத்துக்கு, மூன்று மணி நேரத்துக்குள் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஊசி மூலம் கொடுத்தால், ஊனமில்லாமல் மீள்பவர்களின் எண்ணிக்கை கூடுகிறது. 2008-ல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அந்த நேரத்தை நாலரை மணியாக நீட்டியது. 2015-ல் ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஆய்வுகள், பெரிய குழாயில் அடைப்பு இருந்தால் கம்பி போன்ற குழாயை உள்ளே விட்டுக் கட்டியை இழுத்து எடுப்பது பலன் தரும் என்று காட்டின. இடையில், 2006-ல், ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கணக்குப் போட்டார். பெரிய குழாய் அடைபட்டு, சிகிச்சை கிடைக்காமல் போகிற ஒவ்வொரு நிமிடமும் மூளை சுமார் 19 லட்சம் நரம்பணுக்களை இழக்கிறது.

இந்த ஊசியைப் போடும் முன் ஸ்கேன் கட்டாயம். குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று தெரியணும். வெடித்தவருக்குக் கட்டி கரைக்கும் மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. விரல் நுனியில ஊசியால குத்தி ரத்தம் எடுத்தா ஸ்ட்ரோக் சரியாகிடும்னு ஒரு வாட்ஸ்ஆப் ஃபார்வர்ட் பல வருஷமா சுத்துது, பார்த்திருப்பீங்க. அதால எந்தப் பிரயோஜனமும் இல்லை, நாலரை மணியில அரை மணி போயிடும்.

இப்போ வரைபடத்தை மனசுல விரிச்சுப் பாருங்க. ஜிப்மருக்கு வர்றவங்க புதுச்சேரிக்காரர்கள் மட்டும் இல்லை. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். செஞ்சிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் காலை ஆறு மணிக்கு ஒருவர் எழுந்திருக்கும்போது கை தூக்க வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். படுத்த விதத்துல மரத்துப்போச்சுன்னு நினைச்சு எட்டு மணி வரைக்கும் காத்திருப்பாங்க. பக்கத்து ஊரு டாக்டரைப் பார்ப்பாங்க. வண்டி பிடிப்பாங்க. கடைசியா அடி விழுந்தது எப்போன்னு யாருக்கும் தெரியாது, தூக்கத்திலேயே நடந்திருக்கலாம். நாலரை மணி நேரம் என்பது மருத்துவ விஷயம் மட்டும் இல்லை. சாலை, வண்டி, பக்கத்தில் யாராவது இருப்பது, அடையாளம் கண்டுபிடிக்கத் தெரிவது எல்லாமே அதற்குள் இருக்கிறது.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு

நேரம் தவறியவர்கள்தான் அதிகம். அவர்கள் கதி என்ன? கை கால் பயிற்சி, பேச்சுப் பயிற்சி என்று மாதக்கணக்கில் மறுவாழ்வு சிகிச்சை வேண்டும். அதற்கு ஆட்கள் இல்லை, இருக்கிற இடத்தில் செலவு தாங்காது. நம்மிடம் நிறைய இருப்பது எது? குடும்பம்.

இந்த யோசனையை நேர்மையாகச் சோதித்துப் பார்த்த ஆய்வுதான் அட்டெண்ட். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் துரை பாண்டியனும் ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் லிண்ட்லியும் முன்னின்று நடத்தியது. இந்தியா முழுக்க 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். பாதிப் பேரின் குடும்பத்தில் ஒருவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டில் தொடரச் சொன்னார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை.

முடிவு 2017-ல் லான்செட் இதழில் வந்தது. ஆறு மாதம் கழித்து இறந்தவர்கள் அல்லது அடுத்தவரைச் சார்ந்து வாழ்கிறவர்கள், பயிற்சி பெற்ற குடும்பங்களில் 47 சதவீதம். பயிற்சி பெறாதவற்றில்? அதுவும் 47 சதவீதம்.

இதைத் தோற்றுப்போன ஆய்வு என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்ப முக்கியமான எண் இதுதான். யோசிச்சுப் பாருங்க. இந்த ஆய்வு நடக்கவில்லை என்றால் என்ன ஆகியிருக்கும்? "குடும்பமே பார்த்துக்கட்டும், பயிற்சிக் கையேடு கொடுத்துடலாம்" என்பது மலிவான திட்டமாக நாடு முழுக்கப் பரவியிருக்கலாம். நம்ம வீடுகள்ல "குடும்பம்" என்றால் யார்? பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். வேலையை விட்டுட்டு, ஒரு ஆளைத் தூக்கி உட்கார வைக்கிற, குளிப்பாட்டுற, கூடவே பயிற்சியும் கொடுக்கிற பெண். மாமியார் விழுந்தது ஒரு தடவை, பிறகு நடக்காமல் போனது உன்னால என்று பழியும் அவள் தலையில் விழும். அவளுக்குப் பயிற்சி கொடுத்து அந்த உழைப்பைக் கூட்டினாலும் விளைவு மாறவில்லை என்று இந்த ஆய்வு காட்டிவிட்டது. அவள் சரியாகச் செய்யவில்லை என்பதல்ல இதன் பொருள், அந்தத் திட்டமே போதாது என்பதுதான். பாண்டியன் 2024-ல் உலக ஸ்ட்ரோக் அமைப்பின் தலைவரானார்.

அடி விழுந்த பிறகு குறுக்குவழி இல்லை. அடி விழும் நேரத்தில் நாலரை மணிதான். அப்படின்னா கடிகாரத்தைப் பின்னாடி தள்ளுறதுதான் வழி. எவ்வளவு பின்னாடி?

குருசுக்குப்பம்

இங்கதான் நம்ம ஊர் வருது.

ஒயிட் டவுனைத் தாண்டிக் கடலோரமாக வடக்கே போனால் குருசுக்குப்பம். ஜிப்மரின் நகர்ப்புற சுகாதார மையம் அங்கே இருக்கிறது. மருத்துவமனையில் உட்கார்ந்து நோயாளிக்காகக் காத்திருக்காமல், ஒரு பகுதியின் மக்களோடு வருடக்கணக்கில் தொடர்பில் இருப்பதுதான் இப்படிப்பட்ட மையங்களின் வேலை.

அப்போது ஜிப்மரின் சமூக மருத்துவத் துறைப் பேராசிரியராக இருந்தவர் எம். பால சுதர்சனன். அவர் பெயரை ஆய்வுக் கட்டுரைகளில் எழுதியிருக்கிற விதத்தைப் பார்த்தாலே பாண்டிச்சேரி வாசனை அடிக்கும், 'சு' ஒலிக்கு ஆங்கில எழுத்து இல்லாமல் பிரெஞ்சு எழுத்துக்கூட்டல். 2002-ல் அவருடைய குழு குருசுக்குப்பத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட பதின்வயதினரின் ரத்த அழுத்தத்தை அளந்தது. 15 முதல் 19 வயதுக்காரர்கள். அந்த வயசுல யாராவது பிபி பார்ப்பாங்களா? அதனாலதான் பார்த்தார்கள்.

2006-ல் அதே ஆட்களைத் தேடிப் போனார்கள். ஃப்ராமிங்ஹாம் மாதிரியே, ஆனால் நம்ம குப்பத்தில், மிகச் சின்ன அளவில். நான்கு வருடத்தில் சிலர் வேலைக்குப் போயிருப்பார்கள், சிலருக்குக் கல்யாணம் ஆகி வேற ஊருக்குப் போயிருப்பார்கள். கிடைத்தவர்களை மறுபடி அளந்தார்கள். 2008-ல் வெளியான கட்டுரை சொன்ன விஷயம் இது. பதினாறு, பதினேழு வயதில் சக வயதினரைவிட பிபி உயரத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இருபது தாண்டியும் அதே உயரத்தில்தான் இருந்தார்கள். வகுப்பில் கடைசி பெஞ்சு பையன் அடுத்த வகுப்பிலும் கடைசி பெஞ்சைப் பிடிக்கிற மாதிரி, பிபி தன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

சரி, தெரிஞ்சுபோச்சு. மாத்த முடியுமா? அடுத்த ஆய்வு அதைத்தான் கேட்டது. எல்.ஜி. சப்தரிஷி முதல் ஆசிரியராக, சுதர்சனனும் சகாக்களும் எழுதி 2009-ல் இந்திய சமூக மருத்துவ இதழில் வெளியானது. பிபி ஏறத் தொடங்கிய அல்லது ஏற்கெனவே ஏறிவிட்ட 113 இளைஞர்கள். வயது 20 முதல் 25. மாத்திரை கிடையாது. குலுக்கல் முறையில் நாலு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வழக்கம்போல இருக்கும். இரண்டாவது குழு வாரத்தில் நாலு நாள், ஐம்பது அறுபது நிமிடம் வேகமாக நடக்கும். மூன்றாவது குழு சாப்பாட்டில் உப்பைப் பாதியாகக் குறைக்கும். நாலாவது குழு வாரத்தில் குறைந்தது ஐந்து நாள் யோகா செய்யும். எட்டு வாரம். கடைசிவரை நின்றவர்கள் 102 பேர்.

எட்டு வாரம் கழித்து, நடந்தவர்களுக்கு மேல் அளவில் 5.3, கீழ் அளவில் 6.0 குறைந்திருந்தது. உப்பைக் குறைத்தவர்களுக்கு 2.6, 3.7. யோகா செய்தவர்களுக்கு 2.0, 2.6. சும்மா இருந்த குழுவில் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

"அஞ்சு பாயின்ட்தானே?"னு நீங்க கேட்கலாம். 2002-ல் வெளியான ஒரு மாபெரும் தொகுப்பாய்வு இருக்கிறது, 61 ஆய்வுகள், பத்து லட்சம் பேர். அதன் கணக்குப்படி, நடுவயதினரின் வழக்கமான மேல் அளவு வெறும் 2 புள்ளி குறைந்தாலே பக்கவாத மரணங்கள் சுமார் 10 சதவீதம் குறையும். ஒரு தனி ஆளுக்கு 2 புள்ளி ஒன்றுமே இல்லை. ஒரு ஊருக்கே 2 புள்ளி குறைந்தால் அது எத்தனையோ வீடுகளில் விழாமல் போகிற அடி.

இந்த ஆய்வுக்கு எல்லைகள் உண்டு. 102 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, எட்டு வாரம் சின்ன காலம். அந்த இளைஞர்களுக்குப் பின்னாளில் பக்கவாதம் வந்ததா இல்லையா என்று அது பார்க்கவில்லை. அது காட்டியது ஒன்றுதான். இருபது வயதிலேயே எண் ஏறியிருக்கலாம், மாத்திரை இல்லாமலே அதை இறக்கவும் முடியும். அதையும் வசதியான ஜிம்மில் நிரூபிக்கவில்லை. கட்டுரைத் தலைப்பிலேயே நகர்ப்புறக் குடிசைப்பகுதி என்று குறிக்கப்பட்ட ஒரு கடலோரக் குடியிருப்பின் இளைஞர்களிடம் தொடங்கிய வேலை இது.

யாருடைய வேலை?

உப்புக் குழுவை மட்டும் கொஞ்சம் யோசிப்போம். உப்பைப் பாதியாகக் குறைக்கணும்னு ஒரு இருபத்திரண்டு வயசுப் பையன் முடிவு பண்ணா போதுமா? வீட்ல குழம்பு எல்லாருக்கும் ஒரே சட்டியிலதான் கொதிக்குது. அம்மாவும் ஒத்துக்கணும், அப்பாவும் முகம் சுளிக்காம சாப்பிடணும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், கடையில வாங்குற மிக்சர், இதுல இருக்கிற உப்பு யார் கணக்கு? ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாக்கெட்ல எவ்வளவு போடலாம்னு முடிவு பண்றது நம்ம சமையலறை இல்லை.

நடைக்கும் அப்படித்தான். வாரத்தில் நாலு நாள் ஒரு மணி நேரம் நடக்க, நடக்கிற மாதிரி ஒரு இடம் வேண்டும். நம்ம கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். டூரிஸ்ட்டுக்கான ஏற்பாடு மாதிரி தெரியும். எனக்கு அது ஒரு பொது சுகாதார ஏற்பாடாகவும் தெரிகிறது. இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கும், லாஸ்பேட்டையிலோ முதலியார்பேட்டையிலோ இருக்கிறவர்களுக்கும் அந்த மாதிரி ஒரு சாலை எங்கே இருக்கிறது?

பாண்டின்னாலே நண்பர்கள் வீக்கெண்டுக்கு எதுக்கு வர்றாங்கன்னு நமக்குத் தெரியும். 32 நாடுகளில் நடந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு, பக்கவாத அபாயத்தில் சுமார் 90 சதவீதத்தைப் பத்துக் காரணங்களுக்குள் அடக்கியது. முதலிடம் பிபிக்கு. மதுவும் புகையும் அந்தப் பத்தில் உண்டு. உடற்பயிற்சி இல்லாமை, சாப்பாடு, தொப்பை, மன அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இதயக் கோளாறு, மற்றதெல்லாம் நமக்குத் தெரிந்த பட்டியல்தான்.

அதுக்காக, ஸ்ட்ரோக் வந்தவங்க எல்லாம் அவங்களே வரவழைச்சுக்கிட்டாங்கன்னு இந்தக் கதையைப் புரிஞ்சுக்க வேண்டாம். அந்தக் காலத்துல விதின்னு சொன்னதை இப்போ உன் தப்புன்னு சொன்னா, பெரிசா எதுவும் முன்னேறிடலை. ரூஸ்வெல்ட்டுக்கு எண் இருந்தது, மருந்து இல்லை. இன்னிக்கு நல்ல, விலை குறைந்த மாத்திரைகள் இருக்கு. தமிழ்நாட்டில் 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஆனா இருபத்தைந்து வயசுக்காரங்களோட எண் நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது. பிபி ஏறினால் தலை சுத்தும், கோபம் வரும்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை. பெரும்பாலும் அது எந்த அறிகுறியும் காட்டாது. அளந்தாத்தான் தெரியும்.

அதனால இந்த எபிசோடைக் கேட்டு முடிச்சதும் ரெண்டு விஷயம். ஒண்ணு, இந்த வாரம் ஒரு தடவை பிபி பாருங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து, டீ சிகரெட் இல்லாம. 120/80-க்குப் பக்கத்தில் இருந்தா நிம்மதி. 140/90-ஐத் தொட்டா இன்னொரு நாள் மறுபடி பார்த்துட்டு டாக்டர்கிட்ட போங்க. நடுவுல இருந்தா, குருசுக்குப்பத்து இளைஞர்கள் பலர் இருந்த இடத்துலதான் நீங்களும் இருக்கீங்க. அவங்க நடந்தாங்க, இறங்கிச்சு.

இன்னொண்ணு, வீட்ல யாருக்காவது சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ரெண்டு கையையும் தூக்கச் சொன்னா ஒண்ணு கீழே இறங்கினாலோ, பேச்சு குழறினாலோ, மணி பார்த்துக் குறிச்சுக்கோங்க. 108-ஐக் கூப்பிடுங்க. சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். சிடி ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க. அங்க முதல்ல கேட்கப்போற கேள்வி, கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார் என்பதுதான். அந்த மணியை உங்களால சொல்ல முடியணும்.

அடுத்த எபிசோட்ல வேற ஒரு கதையோட சந்திப்போம்.